பெயருக்கு முன்னால் ஒரு தேங்காய்

எங்கள் ஊர் செய்யாற்றுக்குப் பக்கம். சில வருடங்களுக்கு முன்பு சுற்றுவட்டாரப் பேருந்து நிறுத்தங்களில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். நடுவில் ஒரு கிழவர் படம். ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. மீசை நரைத்து, கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். கீழே பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்த முழுப் பெயர், இயற்கை எய்தினார், இன்ன நேரத்தில் நல்லடக்கம். இரண்டு நாள் ஒட்டியே இருந்தது. பேருந்துக்கு நின்றவர்கள் பார்த்துவிட்டு யாரோ என்று போய்விட்டார்கள்.

செத்தது துரியோதனன் என்று யாருக்கும் தெரியவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர். பதினெட்டாம் போர் என்றால் அவர்தான். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, முகத்தில் சிவப்புப் பூசித் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தால், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து அம்மா மடிக்குள் போய்விடும். நானும் போயிருக்கிறேன். எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரை நான் பார்த்ததில்லை. "துரியோதனன் வீட்ல இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். ரேஷன் கடையில் அவர் பெயரை வாசித்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்று ஒரு கதை உண்டு. கதைதான் என்றாலும் நம்பக்கூடியது.

பெயர் தெரியாத சாவு அது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேண்டாத பழக்கம் வந்துவிட்டது. கலைஞர்களின் பெயர்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். எங்கே ஒட்டியது, எப்போது ஒட்டியது, ஏன் உரியவில்லை என்று.

தமிழ் சினிமாவிலிருந்து தொடங்குவதுதான் சுலபம். தேங்காய் சீனிவாசன். ஒரு மனிதருக்குப் பட்டம் தர எத்தனையோ பொருள் இருக்க, தேங்காய். அவர் 'கல்மணம்' என்ற நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்தார். நாடகத்தைப் பார்க்க வந்த கே.ஏ. தங்கவேலு, இனி இவரைத் தேங்காய் சீனிவாசன் என்றே கூப்பிட வேண்டும் என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார் என்பார்கள். அப்புறம் அவர் நடித்த நூற்றுக்கணக்கான வேஷங்களில் தேங்காய்க்கு வேலையே இல்லை. ஆனாலும் டைட்டில் கார்டில் தேங்காய் இல்லாமல் அவர் வந்ததில்லை. இதில் வேடிக்கை, பெயர் வைத்த தங்கவேலுவும் அப்படிப் பெயர் வாங்கியவர்தான். 'சிங்காரி' படத்தில் வாய்க்கு வாய் 'டணால்' என்று சொல்லி, டணால் தங்கவேலு ஆனார். ஒரு சத்தம், ஒரு ஆளின் பெயர். தான் பட்ட பாட்டை இன்னொருவருக்கும் வைத்துவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நடிகர் இன்னொரு நடிகருக்குத் தரக்கூடிய பெரிய மரியாதை அது என்றே நினைக்கிறேன்: உன் பெயர் மறந்தாலும் நீ செய்தது மறக்காது.

என்னத்தெ கண்ணையாவுக்கு அந்த ஒற்றைச் சொல் 1967இல் வந்த 'நான்' படத்திலிருந்து. எதைச் சொன்னாலும் "என்னத்தெ" என்று இழுத்து, உலகத்தின் மேலேயே நம்பிக்கை போனவர் மாதிரிப் பேசுவார். நாற்பது வருடம் கழித்து 'தொட்டால் பூ மலரும்' படத்தில் வடிவேலுவிடம் "வரும், ஆனா வராது" என்றார் பாருங்கள், அது அதே ஆள். அவர் பட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கேட்டாலே முகம் வந்துவிடும்.

காக்கா ராதாகிருஷ்ணன் கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. 'மங்கையர்க்கரசி' படத்தில் வேலையில்லாத மகனாக வருவார். யாரையாவது காக்கா பிடித்தாவது வேலை தேடிக்கொள் என்பாள் அம்மா. இவர் நேரே போய் மரமேறி நிஜமாகவே காக்கா பிடிப்பார். ஒரே ஒரு சிரிப்புக் காட்சி. ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. இவர் சிறுவயதில் நடித்த நாடகக் கம்பெனியில் கூட இருந்த பையன் வி.சி. கணேசன். அந்தப் பையன் வளர்ந்து, அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சத்ரபதியாக நின்றான். பெரியார் பார்த்துவிட்டு, இனி நீ சிவாஜி என்றார். ஒரே கம்பெனிச் சோறு தின்ற இரண்டு பையன்கள். ஒருவருக்குச் சத்ரபதி கிடைத்தார், இன்னொருவருக்குக் காக்கா கிடைத்தது. 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தில் இரண்டு பேரும் அண்ணன் தம்பியாக, பகையாளிகளாக எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காட்சியை இப்போது பார்த்தால் எனக்குக் கதை மனதில் நிற்பதில்லை. அந்த இரண்டு பட்டங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பதுதான் தெரிகிறது.

காக்கா என்றதும் நினைவுக்கு வருகிற இன்னொருவர் சினிமாக்காரர் இல்லை. காக்கை பாடினியார் நச்செள்ளையார். சங்கப் புலவர். குறுந்தொகை 210இல், பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்ததும் தோழி சொல்கிறாள்: இவர் வரப்போகிறார் என்று கரைந்து சொன்ன காக்கைக்கு, நள்ளி என்ற வள்ளலின் காட்டுப் பசுக்கள் தந்த நெய்யை ஊற்றி, தொண்டியில் விளைந்த நெல்லின் சோற்றை ஏழு பாத்திரத்தில் வைத்தாலும் போதாது. விருந்து வரக் கரைந்த காக்கை. அவ்வளவுதான் விஷயம். நச்செள்ளை என்ற அழகான சொந்தப் பெயர் இருந்தும், முன்னால் காக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடி, சேரனிடம் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றவர் என்கிறது அதன் பதிகம். அத்தனை பொன் வாங்கியும் பெயரில் நின்றது காக்கைதான்.

இதைக் கவனித்த நாளிலிருந்து சங்கப் புலவர் பெயர்ப் பட்டியலை நான் டைட்டில் கார்டு மாதிரித்தான் படிக்கிறேன். பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ, வெறி பாடிய காமக்கண்ணியார், மடல் பாடிய மாதங்கீரனார். நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய் என்று சொல்கிறோமே, அதே இலக்கணம். தொழிலைச் சொல்லும் பெயர்களும் உண்டு. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணிக்கடைக்காரர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் வைத்தியர். இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களுக்குச் சொந்தப் பெயரே இல்லை. பாட்டு இருந்தது, பாடியவர் யாரென்று தெரியவில்லை. அதனால் அந்தப் பாட்டில் மனதை இழுத்த சொல்லையே எடுத்து, மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்துப் பெயராக்கிவிட்டார்கள். குறுந்தொகை 40, "யாயும் ஞாயும் யாரா கியரோ". ஐந்தே அடி. அதில் வரும் "செம்புலப் பெயனீர்" என்பதிலிருந்து செம்புலப்பெயனீரார். செம்மண்ணில் பெய்த மழைநீர் அவர்கள். ஒருவர் அந்த ஒரு பாட்டைத்தான் நமக்கு விட்டுப்போனார், அதிலேயே போய்க் கலந்தும்விட்டார்.

அடுத்த பாட்டு 41. அதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். காதலர் பக்கத்தில் இருக்கும்போது விழா நடக்கும் ஊரைப் போல மகிழ்கிறேன், அவர் போய்விட்டால், ஆட்கள் விட்டுப்போன பாலைச் சிற்றூரில் முற்றத்தில் அணில் விளையாடும் வெறும் வீட்டைப் போலப் பொலிவிழந்து கிடக்கிறேன் என்கிறாள் ஒருத்தி. இந்த ஒரு பெயரை நான் கொஞ்சம் அதிக நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். காரணம் இலக்கியமெல்லாம் இல்லை. எங்கள் தெருவில் இப்போது ஐந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. எல்லாரும் சென்னைக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். பொங்கலுக்கு வந்து பூட்டைத் திறப்பார்கள். மற்ற நாளில் திண்ணையிலும் முற்றத்திலும் அணில்தான். ஆள் நடமாட்டம் இருக்கும் வீட்டில் அணில் வரும், ஆனால் ஓரமாக ஓடும். ஆளில்லாத வீட்டில் நடுமுற்றத்தில் நின்று வாலைத் தூக்கி ஆடும். இந்த வித்தியாசத்தைக் கவனித்த ஒருவர்தான் அந்தச் சொல்லை எழுத முடியும். அதைக் கவனித்த இன்னொருவர்தான் அதைப் பெயராக எடுத்திருக்க முடியும். இங்கே இரண்டாவது ஆளையும் பாராட்ட வேண்டும். பாட்டு முழுக்கப் படித்து, எது கடைசிவரை நிற்கும் என்று ஒரு சொல்லை மட்டும் கிள்ளி எடுத்திருக்கிறார். இன்று விமர்சனம் எழுதுகிறவர்கள் பத்துப் பக்கம் எழுதியும் அதைச் செய்வதில்லை.

எல்லாருக்கும் அணிலும் மழையும் கிடைத்ததா என்றால் இல்லை. குப்பைக் கோழியார் என்று ஒருவர். குறுந்தொகை 305. குப்பைமேட்டில் இரண்டு கோழி தானாகச் சண்டை போடுகின்றன. ஏவிவிட ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை. அதுவாக ஓய்ந்தால்தான் உண்டு. என் காதல் நோயும் அப்படித்தான் என்கிறாள் தலைவி. பிரமாதமான உவமை. அதற்காக ஒரு மனிதர் இத்தனை நூற்றாண்டு குப்பைக் கோழியாகவே இருக்க வேண்டுமா? தேங்காய் சீனிவாசன் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 'ஆர்' விகுதியைக் கவனியுங்கள். கோழியார். குப்பையில் கிடந்தாலும் மரியாதை குறையவில்லை.

விட்ட குதிரையார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், கங்குல் வெள்ளத்தார், நெடுவெண்ணிலவினார். சும்மா வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே ஒரு நிலக்காட்சி ஓடும். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். பொருள் தேடப் போனவனை நெஞ்சு வீட்டுக்குத் திரும்பு என்கிறது, அறிவு வந்த வேலையை முடி என்கிறது. இரண்டு யானை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் நைந்த பழங்கயிறு மாதிரி என் உடம்பு அறுந்துபோகுமோ என்கிறான். வெளியூரில் வேலை பார்க்கிற எவனுக்கும் இந்தக் கயிறு தெரியும்.

சங்கீதக்காரர்கள் பக்கம் வந்தால் வேறு விதி. அங்கே ஊர்தான் ஆள். அரியக்குடி என்றால் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் என்பது அப்புறம்தான். முதலில் ராமானுஜ ஐயங்கார். "நேற்று செம்மங்குடி கல்யாணி பாடினார்" என்றால் ஒரு கிராமமே எழுந்து பாடிய மாதிரி இருக்கும். காருகுறிச்சி, முசிறி, திருவாவடுதுறை எல்லாம் அப்படித்தான். இன்னும் சிலருக்கு வாத்தியமே பெயர், வீணை தனம்மாள் மாதிரி. சிலருக்கு ராகம். அப்படி ராகம் பெயரானவர்களில் சங்கராபரணம் நரசையரின் கதையை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார்.

தஞ்சாவூர் அரண்மனையில் அவர் பாடிய சங்கராபரணத்தால் அந்தப் பட்டம் வந்தது. பெயரும் புகழும் இருந்தும் கையில் காசில்லை. ஒருமுறை அவசரத் தேவைக்குக் கபிஸ்தலம் ராமபத்திர மூப்பனாரிடம் போய்ப் பொன் கடன் கேட்டார். அடகு வைக்க என்ன இருக்கிறது என்று மூப்பனார் கேட்க, சங்கராபரணத்தையே வைக்கிறேன், கடனைத் திருப்பித் தரும் வரைக்கும் அதைப் பாட மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தார். அதற்கப்புறம் கும்பகோணத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். வீட்டுக்காரர் சங்கராபரணம் பாடச் சொல்கிறார். இவர் பாட முடியாது என்கிறார். விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டுக்காரர் கடனை வட்டியோடு மூப்பனாருக்கு அனுப்பி ராகத்தை மீட்டார். மூப்பனாரும் அந்தப் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டு நேரே வந்து, எல்லாவற்றையும் நரசையருக்கே கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையை எல்லாரும் ராகத்தை அடகு வைத்த கதை என்பார்கள். எனக்கு அது பெயரை அடகு வைத்த கதை. ராகம் பொதுச்சொத்து. சங்கராபரணத்தை ஊரில் எவரும் பாடலாம். நரசையரால் மட்டும் முடியாது. அந்த நாட்களில் தெருவில் யாராவது அவரை "சங்கராபரணம்!" என்று கூப்பிட்டிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஓவியர்களுக்குப் பெயர் வைத்தது பெரும்பாலும் பத்திரிகை ஆசிரியர் அறை. ஆனந்த விகடனில் ஓவியர் மாலி இருந்தார். எஸ். கோபாலன் என்ற இளைஞரைக் கோபுலு ஆக்கினார், சீனிவாசனைச் சில்பி ஆக்கினார். கோபுலு என்பதில் கோட்டுச்சித்திரம் போல ஒரு துள்ளல் இருக்கிறது. கோயில் சிற்பங்களைக் கல்லின் கனத்தோடு வரைந்தவருக்குச் சில்பி. ஆளைப் பார்த்து வைத்தாரா, கையைப் பார்த்து வைத்தாரா என்று நான் யோசிப்பதுண்டு. இன்னொரு பெயரும் உண்டு, மணியம் செல்வன். கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு வரைந்தவர் மணியம். அவர் மகனும் ஓவியரானார். மணியத்தின் செல்வன், மணியம் செல்வன். அப்பாவின் பெயரும் அப்பா வரைந்த கதையின் வாசனையும் ஒரே கையெழுத்தில்.

சரி, மறுபடி சினிமா. 1965இல் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை' வந்தது. அதில் விதவையாக வந்து வெண்ணிற ஆடை உடுத்திய பாத்திரம் ஜெயலலிதாவுடையது. ஆனால் படத்தின் பெயர் போய் ஒட்டிக்கொண்டது வெண்ணிற ஆடை நிர்மலாவிடமும் வெண்ணிற ஆடை மூர்த்தியிடமும். நகைச்சுவை நடிகர் ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு விதவையின் புடவையைப் பெயருக்கு முன்னால் உடுத்திக்கொண்டிருக்கிறார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. சொல்லச் சொல்ல அர்த்தம் தேய்ந்து, பெயர் மட்டும் நின்றுவிடுகிறது. 'பசி' சத்யா என்று அழைக்கும்போது நாம் பசியை நினைக்கிறோமா என்ன? 'குலதெய்வம்' ராஜகோபால் என்றால் சாமி கும்பிடத் தோன்றுகிறதா?

ஒட்டியதை உரிக்கப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 'வெண்ணிலா கபடி குழு'வில் பந்தயம் கட்டி பரோட்டா தின்றவர் பரோட்டா சூரி ஆனார். 2023இல் 'விடுதலை'யில் நாயகனாக வந்தபோது பரோட்டாவைக் காணோம். வெறும் சூரி. 2003இல் வந்த 'ஜெயம்' படத்திலிருந்து ஜெயம் ரவியாக இருந்தவர், 2025 தொடக்கத்தில் இனி என்னை ரவி மோகன் என்று கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நியாயமான ஆசைதான். ஆனால் டீக்கடையில் காதைக் கொடுத்துப் பாருங்கள். "ரவி மோகன்னா யாருப்பா?" "அதான், ஜெயம் ரவி." ஜனங்களிடம் ஒருமுறை பெயர் வாங்கினால் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். அதை அவர்கள் வட்டியில்லாமல் கொடுத்தார்கள், திருப்பி வாங்கிக்கொள்ளவும் மாட்டார்கள்.

எங்கள் துரியோதனனும் ஒருமுறை உரிக்கப் பார்த்தார். வயசாகி முழங்கால் போன பிறகு வேஷம் கட்டுவதை விட்டார். கூத்து ஜமாவில் வேறொரு பையன் வந்தான். இனி அவனைத்தான் துரியோதனன் என்று கூப்பிட வேண்டும் என்று இவரே கோயில் திடலில் நின்று சொன்னார். ஊர் தலையை ஆட்டியது. மறுநாளிலிருந்து அந்தப் பையனைச் சின்ன துரியோதனன் என்றார்கள். இவர் பெரிய துரியோதனன் ஆனார். இருந்ததைக் கழற்றப் போய் இன்னொன்று கூடியதுதான் மிச்சம்.

கடைசி வருடங்களில் திண்ணையில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருப்பார். நான் ஊருக்குப் போனால் கூப்பிட்டு வைத்துக்கொள்வார். ஒரே ராத்திரியில் இரண்டு ஊரில் வேஷம் கட்டியது, கிரீடத்தோடு சைக்கிளில் போனது எல்லாம் வரும். பேசுவது பாதி, இருமுவது பாதி. புறநானூறு 243 பாடியவரின் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் போட்ட தடியை ஊன்றிய கிழவர். சின்ன வயதில் மருத மரத்துக் கிளையிலிருந்து மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டியதை நினைத்துச் சொல்லும் பாட்டு அது. "இருமிடை மிடைந்த சிலசொல்" என்கிறார் கடைசியில், இருமலுக்கு நடுவே வரும் சில வார்த்தை. அந்த அடியைப் படித்தால் எனக்குத் திண்ணைதான் தெரியும்.

கருமாதிக்கு இரண்டாவது போஸ்டர் அடிக்க அவர் மகனோடு நானும் அச்சகத்துக்குப் போனேன். அவர் மனைவி, எங்களுக்கு ஆயா, அவரும் வருவேன் என்று கிளம்பி வந்துவிட்டார். முதல் போஸ்டரில் அவருக்குக் கோபம். மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து முழு வேஷத்தில் எடுத்த படம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். கிரீடம், புஜக்கட்டை, உருட்டிய கண். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவரா? எங்க ஊர்லகூட ஆடியிருக்காரே" என்றான். அப்புறம் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். சான்றிதழ்ப் பெயரை அடித்து, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு '(எ)' என்று அடித்து நிறுத்தினான்.

"ஆயா, எது பேரு, எது என்கிற?"

ஆயா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "மாத்திப் போடு" என்றார்.